ஒரே ஜாடை

என் மச்சினனுக்கு வாய்த்தது ராசியில்லாத முகம் என்று என் பெண்டாட்டி சொல்வாள். தம்பி மேல் அவளுக்கு உயிர், அதனால் அப்படித் திட்டுவாள். அகலமும் இல்லாத குறுகலும் இல்லாத நெற்றி. சப்பை என்றும் கூர் என்றும் சொல்ல முடியாத மூக்கு. எதையோ கேட்க வந்து மறந்துபோன மாதிரி ஒரு வாய். சந்தையில் தொலைந்தால் அடையாளம் சொல்லித் தேட முடியாது. அந்த முகத்தை வைத்துத்தான் எங்கள் நாட்டை ஒட்டினார்கள். ஒட்டி முடிந்ததும் முகத்துக்குச் சொந்தக்காரனைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் மானிடவியல் துறையில் டிரைவர். மானிடவியல் என்றால் மனிதர்களைப் பற்றிய படிப்பு என்று எங்கள் டைரக்டர் சொல்வார். அவர் ஒரு மனிதனை ஏறெடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை, அளந்துதான் கண்டிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் அவர்களுடைய அதிகாரி ஒருவர் ஊர் ஊராகப் போய், இரும்பு இடுக்கி ஒன்றால் ஆட்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். இங்கே இருப்பது ஒரு ஜனம் இல்லை, பன்னிரண்டு இனங்கள், நாங்கள் போனால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு சாவார்கள் என்று எழுதியும் வைத்தார். எங்கள் டைரக்டர் அவரிடம் படித்தவர். வெள்ளைக்காரர்கள் மூட்டையைக் கட்டியதும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே இடுக்கியைக் கையில் எடுத்து, நாமெல்லாம் ஒன்று என்று அளந்து காட்டக் கிளம்பினார். டிரைவர்கள் நாங்கள் அவருக்கு மண்டையளந்தான் என்று பேர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார்.

என் பெண்டாட்டி மேட்டு ஜனம். பன்னிரண்டில் சின்னது அதுதான். மேட்டு நிலத்தை வெளியாள் யாரும் வாங்கக் கூடாது, அரசாங்கமே நினைத்தாலும் எடுக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டிருந்தான். நல்ல மனசில் போட்டதில்லை. அங்கே அவனுக்கு ஒன்றும் தேறவில்லை, விட்டுவிட்டான். நான் கீழ்நாட்டுக்காரன். லாரியில் சிமெண்டு ஏற்றிக்கொண்டு மேலே போனவன் பெண்ணோடு இறங்கி வந்தேன். மாமனார் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு அறை வீடு, பின்னால் சோளக்கொல்லை, கொல்லை ஓரத்தில் மாமனாரின் சமாதி என்று அத்தை மட்டும் மேலே இருந்தாள். கீழே வந்து எங்களோடு இரு என்றால், "அவருக்கு யாரு துணை?" என்று சமாதியைக் காட்டுவாள்.

மச்சினனுக்குத் துறையில் வாசல் காவல் வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான். "கொஞ்ச வருசம் சம்பாதிச்சுட்டு மேல போயிடுறேன் மாமா. அம்மாவ எத்தன நாள் தனியா விடுறது?" என்பான். கொல்லையைப் பெரிதாக்கி, வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்டி, அப்புறம் கல்யாணம். அவனுடைய திட்டம் அவ்வளவுதான்.

சுதந்திரத்தின் முதல் ஆண்டு விழாவுக்குத் தேசிய மக்கள் கூடம் என்று ஒன்றைத் திறப்பதாக மேலிடத்தில் முடிவானது. பன்னிரண்டு இனத்துக்கும் ஆள் உயரத்தில் ஒவ்வொரு உருவம், அவரவர் உடுப்போடு, தோளோடு தோள் சேர்ந்து நிற்க வேண்டும். எல்லாம் ஆண்கள். பெண்கள் அப்போது யார் கணக்கிலும் வரவில்லை. ஒவ்வொரு இனத்திலும் ஒரு ஆளைப் பிடித்து, முகத்தில் பிளாஸ்டர் ஊற்றி, நிஜ முகத்தை அச்செடுப்பது என்று டைரக்டர் முடிவு செய்தார். சினிமாவுக்கு செட் போட்டுக்கொண்டிருந்த ஒருவரைச் சிற்பி என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள்.

முதலில் கடற்கரைக்குப் போனோம். ஒரு மீனவரை மேஜையில் படுக்கவைத்து, மூச்சு விட மூக்கில் குழாய் சொருகி, கண்ணை மூடச் சொல்லி பிளாஸ்டரை அப்பினார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். அதை யாரும் அவரிடம் சொல்லித் தொலைக்கவில்லை. மனிதர் தன்னை உயிரோடு வேகவைக்கிறார்கள் என்று நினைத்துக் கையையும் காலையும் உதறினார். அவர் பெண்டாட்டி போட்ட சத்தத்தில் ஊரே துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஜீப்பின் பின்கண்ணாடி போனது. சிற்பிக்கு ஒரு பல் போனது. "இவங்க இன்னும் தயாராகல" என்று டைரக்டர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

விழாவோ தலைக்கு மேல் வந்து நின்றது. ஒரு காலையில் டைரக்டர் காரை விட்டு இறங்கும்போது, வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மச்சினன் எழுந்து நின்றான். டைரக்டர் நின்று, அவன் மூக்கை உற்றுப் பார்த்தார்.

"ஏம்பா, மூச்சடக்குவியா?"

"அடக்குவேங்க. ஓடையில முங்கிக் கெடந்து பழக்கம்."

அப்படித்தான் அவனைப் பிடித்தார்கள். புருவத்தில் வாசலைன் தடவி, மூக்கில் குழாய் வைத்து, பிளாஸ்டரை ஊற்றினார்கள். ஒரு அசைவு இல்லை. சிற்பி அசந்துபோனார். சாயந்தரம் காதுமடலில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து என் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "உள்ள ஒரே இருட்டு, ஒரே சூடுக்கா. அம்மாவ நெனச்சுக்கிட்டு கெடந்தேன்" என்றான். கூடத்தில் மேட்டு ஜனத்துக்குத் தன் முகம் நிற்கப்போகிறது என்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைக் கூட்டி வந்து காட்ட வேண்டும் என்றான்.

நாங்களும் மேட்டு உருவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்தோம். சிற்பி அந்த ஒரே அச்சில் பன்னிரண்டு முகம் வார்த்தார். கடற்கரை ஆளுக்குக் கறுப்புச் சாயம் கொஞ்சம் தூக்கல், ஆற்றங்கரை ஆளுக்கு மீசை, காட்டு ஆளுக்குத் தாடி, கீழ்நாட்டானுக்கு, அதாவது என் ஜனத்துக்கு, வகிடெடுத்த முடி. "இப்போதைக்கு இருக்கட்டும். விழா முடிஞ்சதும் ஒவ்வொண்ணா மாத்திக்கலாம்" என்று டைரக்டர் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். ரிப்பனை வெட்டி, வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். நாலாவது உருவத்துக்கு முன்னால் நின்றார். திரும்பி முதல் உருவத்துக்குப் போனார். மறுபடியும் நாலாவதுக்கு வந்தார்.

"என்னங்க இது, எல்லாம் ஒரே ஜாடையா இருக்கு?"

சிற்பி சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் டைரக்டரின் கோட்டைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவருடைய கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். ஒரு மூச்சு இழுத்து விட்டார், அவ்வளவுதான்.

"ஆமாங்க" என்றார். "அதுதாங்க எங்க ஆராய்ச்சியோட முடிவு."

மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரன் நம்மைப் பிரித்து வைத்தான், விஞ்ஞானம் சேர்த்து வைத்துவிட்டது என்று அங்கேயே மைக்கைப் பிடித்துப் பேசினார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்தில் 'ஒரே முகம்'.

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து. ஆராய்ச்சியின் முடிவு வந்துவிட்டது, ஆராய்ச்சியைத்தான் காணோம். டைரக்டர் கூடத்தைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய், இடுக்கியை எடுத்து உருவங்களை அளந்தார். பிளாஸ்டர் மூக்கைத்தான் சொல்கிறேன். பன்னிரண்டு இனத்துக்கும் மூக்கின் அகலம் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தது. இருக்காதா பின்னே! அந்த அளவுகளை அட்டவணை போட்டுப் புத்தகம் எழுதினார். தொடக்கத்தில் அவருக்கு அது பொய் என்று தெரியும். காரில் வரும்போது ஒரு மாதிரி உம்மென்று வருவார். பிறகு நாலு நாட்டிலிருந்து கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள், பட்டம் கொடுத்தார்கள். தன் வாயாலேயே நூறு மேடையில் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவரே நம்பத் தொடங்கிவிட்டார். முகங்களை மாற்றும் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

ஜனங்களும் வந்து குவிந்தார்கள். கடற்கரைக்காரர்கள் தங்கள் உருவத்தைப் பார்த்து, "அப்படியே எங்க சித்தப்பா!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் மீசையைப் பார்த்து மயங்கினார்கள். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுப்பவனின் முகத்தை ஒரு பயலும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மச்சினனுக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. "மாமா, இன்னிக்கு ஆத்தங்கரைல எனக்கு மீச கழண்டு தொங்குது" என்று வந்து சொல்வான். காலையில் கூடத்தைத் திறந்ததும் துணியை எடுத்துத் தன் பன்னிரண்டு முகத்தையும் தானே துடைப்பான்.

மூன்றாம் வருடம் மேட்டுக்கு அடியில் இரும்புத் தாது இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். மந்திரி சட்டசபையில் எழுந்தார். மேட்டு நிலச் சட்டம் வெள்ளைக்காரனின் பிரித்தாளும் சூழ்ச்சி என்றார். மேட்டு ஜனம் என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை, நம் விஞ்ஞானிகள் அளந்து நிரூபித்துவிட்டார்கள் என்று டைரக்டரின் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கைதட்டலில் சட்டம் போய்ச் சேர்ந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி அத்தையின் கதவில் தாள் ஒட்டினார்கள்.

மச்சினனுக்குச் செய்தி வந்தது. எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குப் போனான். நான் காருக்குச் சாவி வாங்கப் போனவன் கதவோரம் நின்றுவிட்டேன்.

"ஐயா, அந்த மொகம் பூராவும் என்னோடதுங்க. உங்களுக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்த சொன்னா மந்திரி கேப்பாருங்க. எங்கம்மாவுக்கு அந்த வீட்ட விட்டா நாதியில்லிங்க."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவர் மேல் இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது.

"உட்காரு. தண்ணி குடிக்கிறியா? நீ யாருன்னு உனக்கே தெரியல. இந்த நாட்டுல யாருக்கும் கெடைக்காத பாக்கியம் உனக்குக் கெடைச்சிருக்கு. அத விட்டுட்டு ரெண்டு ரூம் வீட்டுக்கு அழுவுற."

"பாக்கியம் நீங்க வச்சுக்குங்கய்யா. வீடு எங்களுக்கு வேணும்."

"நஷ்ட ஈடு தருவாங்க. போ."

மேட்டுக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். வக்கீல் இளவட்டம், கெட்டிக்காரர். என் மச்சினனைப் பார்த்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அட, இத விடப் பெரிய சாட்சி ஒலகத்துல உண்டாங்க? ஜட்ஜ கூடத்துக்கே கூட்டியாந்து காட்டுறேன். கேஸ் முடிஞ்சுது" என்றார். அன்றைக்கு என் பெண்டாட்டி சிரித்த முகமாகச் சமைத்தாள்.

ஜட்ஜ் வந்தார். கூடத்தில் பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டார்கள். மேலேயிருந்து அத்தையும் வந்திருந்தாள். வெளி வராந்தாவில் என் பெண்டாட்டியோடு உட்காரவைத்திருந்தோம். வக்கீல் என் மச்சினனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உருவங்களின் வரிசையில் நிறுத்தினார்.

"பாருங்க ஐயா. பன்னெண்டு மூஞ்சியும் இவரோடது. இவரு மேட்டுக்காரரு. ஒரே ஆளோட மூஞ்சிய பன்னெண்டு பேருக்கு ஒட்ட வச்சுட்டு, அதையே அளந்து எல்லாரும் ஒண்ணுன்னு எழுதியிருக்காங்க. இதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

ஜட்ஜ் என் மச்சினனைப் பார்த்தார், உருவங்களைப் பார்த்தார். "அட, ஆமா!" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், முடியவில்லை. "அச்சு பின்னாடி பட்டறையில இருக்குங்க ஐயா, எடுத்தாரட்டுமா?" என்று கத்திவிட்டேன். ஜயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

டைரக்டர் மெல்ல முன்னால் வந்தார்.

"நான் எப்பங்க மறுத்தேன்? இவரோட மொகம்தான். ஏன் இவர எடுத்தோம்? பன்னெண்டு ஜனத்துக்கும் பொருந்துற மொகம் ஒண்ணு வேணும்னு தேடுனோம். வாசல்லயே உட்காந்திருந்தாரு. மூணு வருசமா நாட்டு ஜனம் பூரா வந்து பாத்துட்டுப் போயிருக்கு. கடற்கரைக்காரங்க 'எங்க சித்தப்பா'ங்கறாங்க. ஆத்தங்கரைக்காரங்க 'எங்க ஆளு'ங்கறாங்க. ஒருத்தராச்சும் இது மேட்டுக்காரன் மூஞ்சின்னு சொன்னாங்களா? கேளுங்க, இவரையே கேளுங்க. வாசல்ல நின்னவரு இவருதான்."

ஜட்ஜ் திரும்பினார். "சொன்னாங்களாப்பா யாராவது?"

என் மச்சினன் பொய் சொல்லத் தெரியாத மடையன். "இல்லிங்க" என்றான்.

"அப்ப எல்லாருக்கும் பொருந்துற மொகம் உன்னோடது. நீ அவங்கள்ல ஒருத்தன் இல்லேன்னா எப்படிப் பொருந்தும்? நீயே சொல்லு."

"மொகம் பொருந்தலாம்ங்க. எங்க பேச்சு வேறங்க. நெலத்த நாங்க வச்சுக்கிற மொறை வேறங்க. எங்கப்பாவ அங்க பொதச்சிருக்குங்க."

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் குடுத்தது" என்றார் டைரக்டர். அன்பாகத்தான் சொன்னார், அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. ஜட்ஜ் தலையை ஆட்டினார். வக்கீல் கொண்டுவந்த சாட்சியே அவர் கழுத்தைப் பிடித்துவிட்டது. தீர்ப்பில் என் மச்சினன் மேட்டுக்காரன் இல்லை என்பதற்கு முதல் ஆதாரமாக என் மச்சினனின் முகத்தையே காட்டியிருந்தார்கள்.

கூடத்தில் கத்தியதற்கு எனக்கும் கூலி கிடைத்தது. கார் சாவியை வாங்கிக்கொண்டு லாரி சாவியைக் கொடுத்தார்கள். மேட்டில் தோண்டுவதைக் கீழே இறக்கும் வேலை. அத்தையின் வீட்டை இடித்த அன்றைக்கு நான் அடுத்த வளைவில் லோடுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். வீடு, கொல்லை, சமாதி எல்லாவற்றையும் ஒரே இயந்திரம் வாரிப் போட்டது. எந்த லோடில் மாமனார் இறங்கினார் என்று எனக்குத் தெரியாது. என் பெண்டாட்டி இன்றுவரை அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மாவின் ட்ரங்குப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு மச்சினன் வேலைக்குப் போனான். வழக்கம்போல் கூடத்தைத் திறந்தான். துணியை எடுத்துக் கடற்கரை முகத்தைத் துடைத்தான், ஆற்றங்கரை முகத்தைத் துடைத்தான். பத்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். பிறகு பட்டறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்து, வரிசையாகப் பன்னிரண்டு முகத்தையும் உடைத்தான். பிள்ளைகள் வீறிட்டன. ஒரு வாத்தியார், "ஐயோ, தன் மூஞ்சியத் தானே ஒடைக்கிறாண்டா!" என்றாராம். மூன்று வருடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்த ஒரே பார்வையாளர் அவர்தான். முடித்ததும் மச்சினன் சுத்தியலைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து போலீசுக்குக் காத்திருந்தான்.

தேசியச் சொத்தைச் சேதப்படுத்தியது, மக்களிடையே பிளவு உண்டாக்கியது என்று இரண்டு குற்றம். தூரத்து ஜெயிலில் போட்டார்கள். பார்க்கப் போனால் இன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் வா என்பார்கள். அடுத்த வாரம் போனால் ஆள் வேறு கட்டடத்தில் என்பார்கள். அந்தப் பக்கம் டைரக்டரிடம் போய், உருவமெல்லாம் நொறுங்கிவிட்டதே என்று யாரோ துக்கம் விசாரித்தார்களாம். "அதுக்கென்ன, அச்சு இருக்குல்ல" என்றாராம். ஒரே வாரத்தில் முகங்கள் மறுபடி வந்துவிட்டன. இந்தத் தடவை பதினொன்று. மேட்டு ஜனம் என்று ஒன்று இல்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்ட பிறகு அதற்கு எதற்கு உருவம்?

மழைக்காலத்தில் ஒரு போலீஸ்காரர் வந்து, என் மச்சினன் காய்ச்சலில் செத்துவிட்டதாகச் சொன்னார். எப்போது என்று கேட்டேன். போன மாதம் என்றார். உடம்பு எங்கே என்று கேட்டேன். அங்கேயே புதைத்தாயிற்று என்றார். இடத்துக்கு அடையாளம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

என் பெண்டாட்டி தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள். அத்தை அழவில்லை. ஒரே ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "மொகத்தப் பாக்கலியே. கடைசியா மொகத்தக்கூடக் காட்டலியே." சாப்பிட உட்கார்ந்தால் அதுதான், படுத்தால் அதுதான். சோற்றுத் தட்டைப் பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்குப் பிள்ளையின் முகத்தைக் கடைசியாகக் காட்டாமல் மண்ணை மூடுகிறவர்கள் என்ன ஜென்மங்கள்!

கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொன்னது என் பெண்டாட்டிதான். "அங்கதான் இருக்கே அவன் மொகம். காட்டிட்டு வாங்க. நான் வரமாட்டேன், வந்தா நானும் சுத்தியலத் தூக்கிருவேன்" என்றாள்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அத்தையைக் கூட்டிப் போனேன். இரண்டு டிக்கெட் வாங்கினேன். வாசலில் புதுப் பையன் உட்கார்ந்திருந்தான், அதே ஸ்டூல். உள்ளே போனதும் அத்தை வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றாள். மகன் ஒருவனைப் பார்க்க வந்தவள் முன்னால் பதினொரு மகன்கள், ஒவ்வொருவனும் யாரோ ஒருவனின் உடுப்பில்.

"நம்ம உடுப்புல இல்லியா மாப்ள?"

மேட்டு உருவம் நின்ற இடத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே நின்ற காவலாளி, "அது எடுத்தாச்சும்மா. கால் வலிச்சா உக்காருங்க, அதுக்குத்தான் பெஞ்சு" என்றார்.

அத்தை உட்காரவில்லை. கடற்கரை உருவத்தின் பக்கத்தில் போய் அதன் கன்னத்தில் கையை வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "எம் புள்ள!" என்று கட்டிக்கொண்டாள். அங்கிருந்து அடுத்ததற்குப் போனாள். "எம் புள்ள!" அடுத்ததற்குப் போனாள். தாடியை ஒதுக்கிவிட்டு அந்த வாயைத் தொட்டாள். காவலாளி தடுக்க வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் மறைத்துவிட்டது, பின்னால் யார் வந்தார்கள் என்று பார்க்கவில்லை.

வெளிநாட்டுப் பிரதிநிதிகள் ஏழெட்டுப் பேரோடு டைரக்டர் உள்ளே வந்திருந்தார். கூடவே பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். எல்லோரும் அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டைரக்டர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். கிழவி யார் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு நொடி வெளுத்ததை நான் பார்த்தேன். ஒரு மூச்சு இழுத்து விட்டார்.

பிரதிநிதிகள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா?" என்றார். "நான் புத்தகத்துல எழுதினத இந்தத் தாய் எழுத்தே தெரியாம சொல்றா. எந்த ஜனமா இருந்தா என்ன? எல்லாம் அவளுக்கு அவ புள்ளைங்க."

கேமராக்கள் மின்னின. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டைரக்டரின் சட்டையைப் பிடிக்கத்தான் பாய்ந்தேன். காவலாளிகள் என்னை இழுத்துக்கொண்டு போய் வெளியே தள்ளினார்கள். அத்தையை மட்டும் மரியாதையாக, ஒரு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் படம் எங்கெல்லாமோ வந்தது. தபால் தலையில் வந்தது. 'தேசத்தின் தாய்' என்று ஆபீஸ் சுவர்களில் தொங்கியது. போன வருடம் மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தின் முதல் பாடத்துக்கும் வந்துவிட்டது. என் மகள் மூன்றாம் வகுப்பு. புத்தகம் கொடுத்த அன்றைக்கே, "பாட்டி படம்! மாமா படம்!" என்று குதித்துக்கொண்டு வந்தாள்.

போன வாரம் பரீட்சைத் தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். படத்தில் தாய் யாரை அணைத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டிருந்தார்கள். என் மாமாவை என்று என் மகள் எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாகத் தப்பு என்று போட்டு, சரியான விடையை ஒரு பக்கம் முழுக்க எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர்.

எழுதாதே என்று என் பெண்டாட்டி கத்தினாள். எழுதாவிட்டால் அடி விழும் என்று குழந்தை அழுதாள். கடைசியில் நானே பென்சிலைச் சீவிக் கொடுத்தேன். நம் நாட்டு மக்கள் அனைவரையும், நம் நாட்டு மக்கள் அனைவரையும் என்று அவள் வரிவரியாக எழுதினாள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை ஓட்டிவிட்டு, "மாமாவப் பத்தி எவ்ளோ எழுதுற கண்ணு" என்று பேத்தியின் கன்னத்தை வழித்தாள்.